குங்குமச் சிமிழ் வைத்த இன்ஜின்

அக்கா,

கொலு வைப்பதற்கு முதல் நாள் மீனுவை ஊசி போட டிஸ்பென்சரிக்கு அழைத்துப் போயிருந்தேன். என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே. ஊசி கொதிக்க வைத்ததுதானா என்று நர்ஸிடம் கேட்டேன். அவள் பதில் சொன்ன பிறகு இன்னொரு தரமும் கேட்டேன். அவள் முறைத்துக்கொண்டே பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து மீனுவின் கையில் வைத்தாள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அழத் தயாராக நின்ற பெண், மூக்கை உறிஞ்சினாள். முகம் மலர்ந்துவிட்டது.

"அம்மா, ரயில் வாசனை!"

நர்ஸுக்குத் தமிழ் தெரியாது. "க்யா போல் ரஹீ ஹை?" என்று மீனு சொன்னதற்கு அர்த்தம் கேட்டாள். அந்த அறையில் ஸ்பிரிட்டை மோந்து சிரித்துக்கொண்டு நின்றவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். ஊசி ஏறியதே அவளுக்குத் தெரியவில்லை.

அன்றைக்கே உங்களுக்கு எழுதத் தோன்றியது. வெறும் வாசனையை வைத்துக்கொண்டு என்ன எழுதுவது, சொல்வதற்கு ஒரு சேதி வேண்டாமா என்று தள்ளிப் போட்டேன். இன்றைக்கு விஜயதசமி. பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தாயிற்று. இவரும் மீனுவும் தூங்குகிறார்கள். ராம்லீலா மைதானத்துப் பக்கம் இன்னும் ஒன்றிரண்டு வெடி கேட்கிறது. இன்றைக்குச் சேதி இருக்கிறது.

அந்தப் பெட்டியை நீங்கள் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறது. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் மாடி வீடு உங்களுடையது, கீழ் வீடு எங்களுடையது. கப்பலில் வேலை பார்க்கும் உங்கள் தம்பி வெளிநாட்டிலிருந்து வந்திருந்தார். அக்காவுக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்டதற்கு, சேலை, சென்ட் என்று சொல்லாமல், "ஓடுத மாதிரி ஒரு ரயில் இன்ஜின்" என்று எழுதிப் போட்டவர் நீங்கள். வந்தது இன்ஜின் இல்லை. வெட்டி வைத்த பித்தளைத் தகடுகள், ஒரு செப்புக் குழாய், பொட்டலம் பொட்டலமாகத் திருகாணிகள், சக்கரங்கள், வட்டமாகப் போடத் தண்டவாளத் துண்டுகள், ஆங்கிலத்தில் ஒரு புத்தகம். செய்து கொள்ள வேண்டியது நாம்.

"ஏட்டி, நீ பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிதான? படிக்கது உன் வேலை. சுடுதது என் வேலை."

நம் இரண்டு பேருக்கும் ஆணி அடிக்கக்கூடத் தெரியாது. நான் கேஸ் மூடியிருக்கிறதா என்று படுத்த பிறகு எத்தனை தரம் எழுந்து பார்ப்பேன் என்று இவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பவர். "சிலிண்டர் மாத்தவே என்னைக் கூப்பிடறவ, நீராவி இன்ஜின் பண்ணப் போறாளாம்" என்றார். நான் உங்களிடம் ஏன் இந்த ஆசை என்று கேட்டேன். சமையல் மேடையில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொண்டு சொன்னீர்கள்.

"எங்கய்யா ஸ்டேஷன் மாஸ்டர். பொட்டல்காட்டுல ஒரு ஸ்டேஷன். முக்காவாசி வண்டி அங்க நிக்காது. நான் பாவாடைய இழுத்துப் பிடிச்சிக்கிட்டு கைய ஆட்டிக்கிட்டே நிப்பேன், அது பாட்டுக்குப் போயிரும். ஒரே ஒரு வண்டியாவது நான் சொன்னாத்தான் பொறப்படணும்ட்டி. அம்புட்டுத்தான்."

அதற்குப் பிறகு நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன். செய்யலாம், பார்க்கலாம், கண்ணாடி அலமாரியில் வைக்கலாம். மீனு இருக்கிற வீட்டில் அதைக் கொளுத்தக் கூடாது. பாய்லர் வெடித்தால்? நீங்கள் என்னைப் பார்த்த பார்வை, நிற்காமல் போன வண்டியைப் பார்த்த பார்வையாகத்தான் இருந்திருக்கும். "சரி, நீ எப்பம் சரிங்கியோ அப்பம்" என்றீர்கள்.

செங்கோட்டைக்கு எதிரே ரேடியோ சாமான் விற்கிற கடைக்குப் பஸ்ஸில் போய், ஈயத்தை உருக்கி ஒட்டுகிற சால்டரிங் அயர்ன் வாங்கினோம். கடைக்காரர், "பாயி சாஹப் நஹீ ஆயே?" என்று வீட்டு ஆண்களைத் தேடி நமக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "பாயி சாஹப் வீட்டுல தேங்கா துருவுதாவ" என்று நீங்கள் தமிழிலேயே சொன்னீர்கள். பஸ்ஸில் நான் மீனுவை மடியில் இறுக்கிக்கொண்டு வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன்.

முதல் வாரம் எதுவுமே ஒட்டவில்லை. உருகிய ஈயம் பித்தளை மேல் முத்து முத்தாக உருண்டு கீழே விழுந்தது. பசை சரியில்லை, அயர்ன் சரியில்லை, கரண்ட் சரியில்லை என்று எல்லாவற்றையும் திட்டினோம். ஒரு வெள்ளிக்கிழமை நான் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வாசலில் நின்று பளபளவென்று வந்த விளக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். தகடு முழுவதையும் எடுத்து வந்து, ஐ.என்.ஏ. மார்க்கெட் புளியைக் கரைத்து ஊறப் போட்டோம். உலோகத்தின் மேல் படிந்த களிம்பை அமிலம் எடுக்கும் என்று மூன்று வருஷம் கல்லூரியில் எழுதியவள் நான். கை செய்கிற வேலை மூளைக்குப் போய்ச் சேர அத்தனை நாள் ஆகியிருக்கிறது. மத்தியானம் ஈயம் தண்ணீர் மாதிரி ஓடி இடுக்கெல்லாம் நிறைந்தது. நீங்கள் "ஓடுது! ஓடுது!" என்று கத்திய சத்தத்தில் எதிர்வீட்டுச் சோப்ராஜி, இன்ஜின்தான் ஓடிவிட்டது என்று நினைத்து பனியனோடு ஓடி வந்தார்.

அப்புறம் அந்த டோம். பாய்லர் முதுகில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருக்க வேண்டிய அழகான வெள்ளை உலோக வார்ப்பு. நான் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருக்கும்போது மீனு விழித்துக்கொண்டு அழ, எழுந்து போனேன். நீங்கள் காத்திருப்பீர்களா? அயர்னை வைத்துவிட்டீர்கள். திரும்பி வந்தபோது டோம் இல்லை. தகட்டின் மேல் வெள்ளியாக ஒரு குட்டை மின்னிக்கொண்டிருந்தது. நீங்கள் திருடி மாதிரி நின்றுகொண்டிருந்தீர்கள்.

"தொட்டேன். உக்காந்துட்டுதுட்டி."

புத்தகத்தின் அடுத்த வரியே அதுதான். வெள்ளை வார்ப்புகளுக்குச் சூடு ஆகாது. எனக்கு அந்தக் குட்டையைப் பார்த்ததும் எங்கள் கும்பகோணத்து அடுப்படி நினைவு வந்தது. "அக்கா, இது ஈயச்சொம்பு ஜாதி" என்றேன். உங்கள் வீட்டில் ஈயச்சொம்பில் ரசம் வைக்கும் பழக்கம் இல்லை. நான் விளக்கினேன். சொம்பு வெறுமனே அடுப்பேறினால் உருகிவிடும். ரசம் உள்ளே இருக்கிறவரை எத்தனை கொதித்தாலும் ஒன்றும் ஆகாது. அதனால்தான் ரசத்தை ஊற்றிவிட்டு அப்புறம் நெருப்பு.

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டேன். அக்கா, அந்த நிமிஷத்தை நான் மறக்கவே மாட்டேன். நம் பாய்லரையும் ஈயம் வைத்துத்தானே ஒட்டியிருக்கிறோம்? அதுவும் ஈயச்சொம்புதான். உள்ளே தண்ணீர் இருக்கிறவரை ஒட்டு விடாது. தண்ணீர் தீர்ந்தபிறகும் எரிகிற நெருப்புக்குத்தான் பயப்பட வேண்டும். அத்தனை மாதமாக எனக்கிருந்தது எதைக் கண்டு பயப்படுவது என்றே தெரியாத பயம். இப்போது அதற்கு ஒரு இடம் கிடைத்துவிட்டது. எனக்கு அந்தச் சொம்பை நன்றாகத் தெரியும்.

"அப்போ நெருப்பு முதல்ல தீரணும், தண்ணி அப்புறம் தீரணும்" என்றேன்.

"அப்படிப் போடு! இன்னைலருந்து நீதான் பாய்லர் இன்ஸ்பெக்டர்" என்றீர்கள்.

இன்ஸ்பெக்டர் வேலையை நான் விளையாட்டாகச் செய்யவில்லை. பஞ்சர் கடைக்காரர் ட்யூபை முக்குவது போல பாய்லரைக் குளியலறை வாளியில் முக்கி, சைக்கிள் பம்ப்பால் காற்றடித்து, குமிழி வந்த இடமெல்லாம் திரும்ப ஒட்ட வைத்தேன். உங்கள் பொறுமை போய், "பிள்ளைக்கு ஜுரம் பாக்குத மாதிரி பாக்காதட்டி" என்றீர்கள். நான் ஒரு குமிழியைக்கூட விடவில்லை. பாய்லர் வாய் சிறியது. எந்தப் புனலும் நுழையவில்லை. மீனுவுக்குப் பால் புகட்டி, அவள் வளர்ந்த பிறகு பரணில் போட்டிருந்த பாலாடையைத் தேய்த்து எடுத்து வந்தேன். அதன் மூக்கு அளவெடுத்த மாதிரி பொருந்தியது. தண்ணீருக்குப் பாலாடை. பாய்லருக்கு அடியில் எரிகிற விளக்கின் ஸ்பிரிட்டுக்கு, பேனாவுக்கு மை போடும் ஃபில்லர். பால்கனியில் வைத்து எரித்து எரித்துப் பார்த்து, எத்தனை பாலாடைக்கு எத்தனை ஃபில்லர் என்று முடிவு கட்டினேன். விளக்கு அணையும்போது உள்ளே கட்டாயம் தண்ணீர் மிச்சமிருக்க வேண்டும்.

உருகிப்போன டோமுக்கு என்ன செய்வது? சாணக்யபுரி ரயில் மியூசியத்துக்குப் போய் நிஜ இன்ஜின்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். நீங்கள் ஒரு பெரிய இன்ஜின் மேல் இருந்த பித்தளை டோமை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அட, இது என் சிமிழுல்லா!" என்றீர்கள். வீட்டுக்கு வந்ததும் உங்கள் கல்யாணத்துக்கு வந்த பித்தளைக் குங்குமச் சிமிழை எடுத்து பாய்லர் முதுகில் வைத்தோம். அதற்காகவே பிறந்தது மாதிரி உட்கார்ந்தது. உள்ளே இருந்த குங்குமத்தைக்கூட நீங்கள் கொட்டவில்லை.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு உங்கள் வீட்டுக் கொலுவில் புத்தகங்களோடு சால்டரிங் அயர்னுக்கும் சந்தனம் வைத்தோம். எதைத் தொடங்கினாலும் விஜயதசமியில் தொடங்க வேண்டும் என்பார்களே, நானாகவே வந்து சொன்னேன். "அக்கா, நாளைக்குக் கொளுத்தலாம்." நீங்கள் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு உள்ளே போய்விட்டீர்கள்.

கொலுப் படிக்குக் கீழே வெந்தயம் முளைக்கவிட்ட புல்வெளி, கண்ணாடிக் குளம், சுற்றிலும் தண்டவாளம். இவர் சுண்டல் கிண்ணத்தோடு கட்டில் ஓரம். பெண்டாட்டி செய்த இன்ஜினைப் பார்க்க அண்ணன் கதவருகே. சோப்ராஜி, "பாபிஜி, சலேகீ யா ஸிர்ஃப் சாய் பனாயேகீ?" என்று, ஓடுமா இல்லை டீ மட்டும்தான் போடுமா என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். நான் கோலமாவால் ஒரு கோடு போட்டு, மீனுவை அதற்கு அந்தப் பக்கம் இவர் மடியில் உட்காரவைத்தேன். பாலாடை, ஃபில்லர், தீக்குச்சி. நீங்கள் சிமிழைத் திறந்து இன்ஜின் நெற்றியில் ஒரு பொட்டு, என் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தீர்கள்.

"தண்ணி இருக்கா?" என்று கேட்டீர்கள்.

"இருக்கு."

முதலில் முணுமுணுத்தது. பிறகு சீறியது. குழாயிலிருந்து வெந்நீரைத் துப்பியது. சக்கரம் அரைச்சுற்று சுற்றி நின்றது. சோப்ராஜி வாயைத் திறப்பதற்குள் நீங்கள் ஒரு விரலால் சக்கரத்தைத் தள்ளிவிட்டு, யாரோ தூரத்துப் பிளாட்பாரத்தில் நிற்பது போல உரக்கச் சொன்னீர்கள்.

"பொறப்படு!"

புறப்பட்டது அக்கா! பிள்ளையார் பொம்மையைத் தாண்டி, செட்டியார் பொம்மையைத் தாண்டி, குக் குக்கென்று ஆவி விட்டுக்கொண்டு போயிற்று. சரியாக அந்த நேரம் ராம்லீலா மைதானத்தில் வெடி அடைத்த ராவணன் பொம்மைக்குத் தீ வைத்தார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர ஒரு வெடி. "பாய்லர்!" என்று இவர் மீனுவை வாரிக்கொண்டு கட்டிலுக்குப் பின்னால் பாய்ந்தார். சுண்டல் சிதறியது. சோப்ராஜி தரையில். அண்ணன் மாடிப்படியில். இன்ஜின் மட்டும் தன்பாட்டுக்குக் குளத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

ஆவியினூடே நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "ஏட்டி, நீ அசையவே இல்லையே!"

எனக்கே அப்போதுதான் தெரிந்தது. நான் ஏன் அசைய வேண்டும்? உள்ளே எத்தனை தண்ணீர் என்று எனக்குத் தெரியும்.

அதற்கடுத்த கோடையில் ஒரு விஷக் காய்ச்சல் உங்களைக் கொண்டு போயிற்று. நான் எதையெல்லாமோ கண்டு பயந்தேன். இதை நினைத்து ஒரு நாளும் பயந்ததில்லை. அண்ணன் மாற்றலாகிப் போகும்போது பெட்டியை என் கையில் கொடுத்து, "இன்ஸ்பெக்டர்கிட்டதான் இருக்கணும்னு அவ சொன்னா" என்றார். அதற்குப் பிறகு வந்த இரண்டு கொலுவிலும் அது வெறும் பொம்மையாகத்தான் நின்றது. தீக்குச்சிப் பெட்டியை எடுப்பேன், வைத்துவிடுவேன். கேள்வி கேட்க நீங்கள் இல்லாமல் எப்படிக் கொளுத்துவது?

இன்று சாயங்காலம் எடுத்தேன். ஊசி போட்ட இடத்தைத் தடவிக்கொண்டே மீனு கேட்டாள். "அம்மா, ரயில் வாசனை எப்போ வரும்?" வாளியில் முக்கிப் பார்த்தேன். ஒரு குமிழி இல்லை. கோலக்கோடு போட்டேன். சிமிழைத் திறந்தால் நீங்கள் வைத்த குங்குமம் அப்படியே இருந்தது. இன்ஜினுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, மீனுவுக்கு ஒன்று. இவர் இந்தத் தடவை சுண்டலைத் தூர வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தண்ணி இருக்கா?" என்று நானே கேட்டேன். "இருக்கு" என்று நானே சொன்னேன்.

சீறியது, துப்பியது, நின்றது. விரலால் சக்கரத்தைத் தள்ளினேன். என் வாயிலிருந்து கும்பகோணம் வரவில்லை அக்கா, உங்கள் திருநெல்வேலிதான் வந்தது. "பொறப்படு!" மீனு கோட்டைத் தாண்டாமல் நின்ற இடத்திலேயே குதித்து, "சல் பேட்டா, சல்!" என்று இந்தியில் அதை ஓடச் சொல்லிக் கத்தினாள். வெளியே ராவணன் வெடித்தான். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சிமிழ் மின்ன மின்ன அது சுற்றிச் சுற்றி வந்தது, விளக்கு தானாக அணைகிறவரை.

சூடு ஆறியதும் பாய்லரைக் கவிழ்த்து, மிச்சத்தைப் பாலாடையில் வடித்துப் பார்த்தேன்.

இருந்தது அக்கா. இன்னும் தண்ணீர் இருந்தது.