பருப்பு வேகாத கிணறு

ரெட்டிபாளையம்
9.2.2003

அன்புள்ள அண்ணனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமைதான் போனில் பேசினோம். அதற்குள் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். பஞ்சவர்ணம் அக்கா வீட்டு போன் கூடத்து நடுவில் இருக்கிறது. நான் ரிசீவரை வாங்கியதும் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு எல்லோரும் என் வாயையே பார்க்கிறார்கள். "நல்லா இருக்கேண்ணே" என்பதற்கு மேல் ஒன்றும் வருவதில்லை. எழுதினால்தான் எனக்குப் பேச்சு வரும்.

கிணற்றுக்காட்டைச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறவர்களுக்குக் கொடுப்பதாக நீங்களும் அம்மாவும் பேசி முடித்துவிட்டீர்கள் என்று தரகர் ராசாங்கம் சொன்னார். அப்பா இல்லாததால் நம் மூன்று பேர் கையெழுத்தும் வேண்டுமாம். "பாப்பா கையெழுத்துக்கு என்ன, பேனாவக் குடுத்தா போட்டுட்டுப் போவுது" என்று என் எதிரிலேயே சொன்னார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டு போகிறேன் என்று நினைத்திருப்பார்.

அண்ணே, அதை விற்க எனக்கு மனமில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

என்னோடு கெமிஸ்ட்ரி படித்த மலர்க்கொடியை உங்களுக்கு நினைவிருக்கும். நம் வீட்டுக்கு வந்தபோது கிணற்றுத் தண்ணீரில் தலைக்குக் குளித்துவிட்டு, முடி தேங்காய் நார் ஆகிவிட்டது என்று அழுதாளே, அவள்தான். கோத்தகிரியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். புகுந்த வீட்டில் ஒரு சின்னப் பண்ணை. வெள்ளைச் செம்மறிகளும், மொஹேர் என்று சொல்லும் முடிக்காகவே வளர்க்கிற சில வெள்ளாடுகளும் இருக்கின்றன. அந்த முடி பட்டு மாதிரி பளபளக்கிறது. வெளிநாட்டில் ஆசைக்காகக் கையாலேயே நூல் நூற்கிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்களாம். அவர்களுக்கு நூல் வேண்டாம், சாயம் ஏற்றிய முடியாகவே வேண்டும். நூற்கிற சந்தோஷம் அவர்களுடையது.

மலர்க்கொடி இரண்டு மூட்டை அனுப்பிச் செய்து பார்க்கச் சொன்னாள். அந்தக் காட்டுக் கிணற்றடியில் அடுப்பு மூட்டி, படிகாரமும் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய மஞ்சிட்டி வேரும் போட்டுச் சாயம் ஏற்றினேன். உடைத்த மாதுளம்பழம் போல ஒரு சிவப்பு வந்தது. அவள் மலையில் செய்தால் செங்கல் நிறம்தான் வருகிறதாம். ஏன் என்று இருவருக்கும் தெரியவில்லை. வாங்குகிறவர்கள் இந்தச் சிவப்பைத்தான் இன்னும் கேட்கிறார்கள். ஆனால் முடியைக் கழுவுவதுதான் பெரும்பாடு. நம் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் பிசுக்காக ஒட்டுகிறது.

இந்த வருடம் முடியும்வரையாவது பொறுங்கள், அண்ணே.

உங்கள் தங்கை,
ஆனி ரோஸ்


மஸ்கட்
7.3.2003

பாசமுள்ள தங்கச்சி ஆனிக்கு லியோ பிரபு எழுதுவது.

உன் கடிதத்தை ரூமில் படித்துக் காட்டினேன். "வாயே தொறக்காத புள்ளன்னு சொன்ன, பேப்பர் பத்தல போலருக்கே" என்று லப்பைக்குடிக்காடு அல்தாப் பாய் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நம் வீட்டில் இத்தனை பக்கம் எழுதத் தெரிந்தவள் நீ ஒருத்திதானே.

கம்பளி என்றால் எனக்குப் பயம். ஹோட்டல் லாண்டரியில் சேர்ந்த புதிதில் ஒரு வெள்ளைக்காரரின் ஸ்வெட்டரைச் சுடுதண்ணீர் மெஷினில் போட்டுவிட்டேன். வெளியே எடுத்தால் அவர் பேரனுக்குத்தான் சேரும். சூப்பர்வைசர் திட்டிய மலையாளம் முழுவதும் அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. முடியைக் கசக்காதே, சூட்டிலிருந்து எடுத்துப் பச்சைத் தண்ணீரில் போடாதே. ஊறவிட்டு அமுக்கி எடு.

உன் கஷ்டத்துக்கெல்லாம் காரணம் அந்தக் கிணறுதான். அம்மா துவரம்பருப்பை அடுப்பில் வைத்துவிட்டுப் பூசைக்குப் போய்த் திரும்பினாலும் அது அப்படியேதான் கிடக்கும். இங்கே சுண்ணாம்புத் தண்ணீரை மாற்ற ஒரு தூள் போடுகிறோம். சோப்பு பொங்கி வழியும். அல்தாப் பாய் லீவில் வருகிறார். அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். கழுவுவது, சாயம், எல்லாவற்றுக்கும் போடு.

ஆனால் காட்டு விஷயத்தில் பிடிவாதம் வேண்டாம். அதை விற்றால்தான் உன் கல்யாணம். வரதராஜன்பேட்டை மாப்பிள்ளை வீட்டார் எத்தனை நாள் காத்திருப்பார்கள்? சாயம் ஏற்றுவதை எங்கே போனாலும் செய்யலாம்.

கையெழுத்துக் கோணலாக இருந்தால் பேனாவைத் திட்டிக்கொள்.

அன்புடன் அண்ணன்,
லியோ பிரபு


ரெட்டிபாளையம்
24.4.2003

அன்புள்ள அண்ணனுக்கு,

ஈஸ்டர் நல்லபடியாக முடிந்தது. அல்தாப் பாய் வந்து தூளையும் அம்மாவுக்கான தைலத்தையும் கொடுத்தார். அம்மா சாப்பிடச் சொன்னதற்கு, "பருப்பு வெந்துடுச்சாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். நீங்கள் அங்கேயும் நம் கிணற்றின் மானத்தை வாங்கியிருக்கிறீர்கள்.

தூளைப் போட்டுக் கழுவினேன். நீங்கள் சொன்னபடியே நுரை பொங்கியது. முடி பூ மாதிரி வந்தது. அந்தச் சந்தோஷத்தில் சாயத் தண்ணீரிலும் போட்டேன். மலர்க்கொடி அனுப்பியதிலேயே நல்ல மொஹேர் அது. கொப்பரையிலிருந்து எடுத்தபோது அழுகிய வாழைப்பழத் தோல் மாதிரி ஒரு நிறம்.

நீங்கள் வருத்தப்பட வேண்டாம். அதைப் பார்த்துக்கொண்டே நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. மஞ்சிட்டி சிவக்கச் சுண்ணாம்பு வேண்டும். தூள் நம் தண்ணீரிலிருந்த சுண்ணாம்பைக் கட்டிப்போட்டுவிட்டது. மலர்க்கொடியின் மலைத் தண்ணீரில் அது முதலிலேயே இல்லை. மறுநாள் வெறும் கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சம் செய்தேன். பழைய சிவப்பு வந்தது. பருப்பை வேக விடாதது எதுவோ அதுதான் சிவப்பையும் கொடுக்கிறது.

மலர்க்கொடிக்கு இதை மறைக்க மனம் வரவில்லை. சுண்ணாம்பு கலந்தால் உனக்கும் வரும் என்று எழுதினேன். அவள் முயன்று பார்த்தாள். ஒரு தடவை ஊதா, ஒரு தடவை திட்டுத் திட்டாக. "ஆடு மேய்க்கிறது எனக்கு, சாயம் உனக்கு. வீணாப்போனதப் பத்தி இனிமே பேசாத" என்று எழுதி, பண்ணையின் முடி முழுவதையும் இனி எனக்கே அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள்.

ஆகவே முடிவாகச் சொல்லிவிடுகிறேன். கல் வெட்டுகிறவர்கள் வந்தால் முதலில் போவது கிணறுதான். நான் கையெழுத்துப் போட மாட்டேன். உங்களை எதிர்த்துப் பேசுவதாக நினைக்காதீர்கள். எதிர்க்கத் தெரிந்திருந்தால் போனிலேயே சொல்லியிருப்பேன்.

ஆனி ரோஸ்


மஸ்கட்
18.5.2003

ஆனிக்கு,

இதை ரூமில் இருக்கும் பிச்சைமுத்து அண்ணன் எழுதித் தருகிறார். எனக்குக் கை சுளுக்கு. வேறொன்றுமில்லை.

நான் அனுப்பியதால் உன் முடி கெட்டது என்றால், சரி, என் தப்பு. அதற்காகக் குடும்பத்தின் பேச்சைக் கெடுக்காதே. ராசாங்கத்திடம் நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். உன்னைப் படிக்க வைத்தது கிணற்றடியில் கொப்பரை கிண்டவா? உன்னைக் கரையேற்றிவிட்டால் அதற்குப் பிறகு நான் இங்கே எப்படிக் கிடந்தாலும் கவலையில்லை.

செப்டம்பரில் லீவில் வருகிறேன். வந்த வாரமே பத்திரப் பதிவு. கையெழுத்துப் போட்டுவிடு. இதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

லியோ பிரபு


ரெட்டிபாளையம்
29.6.2003

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுத வேண்டாம் என்று சொல்லியும் எழுதுகிறேன்.

போன வாரம் ராசாங்கம் பேனாவோடு வந்தார். உட்காரச் சொன்னேன். காபி கொடுத்தேன். கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தது.

"பருப்பு வேகாத கெணத்துக்கு இந்த வெலய வேற எவன் பாப்பா குடுப்பான்?"

"பருப்ப நாங்க குக்கர்ல வேக வச்சுக்கிறோம் சார். அண்ணன் குடுத்த வாக்குக்கு நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிறேன். காபி ஆறுது, குடிங்க."

குடித்துவிட்டுத்தான் போனார். அவர் தெருமுனை திரும்பும்வரை அம்மா வாசலில் நின்று பார்த்தது. பிறகு, "இம்புட்டு பெரிய கொரலாடி உனக்கு?" என்றது. கோபமா, வேறு ஏதாவதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் மாலையில் தானாகவே வந்து காய்ந்த முடியைப் பிரித்துக் கொடுத்தது.

வரதராஜன்பேட்டையாருக்கு நானே சொல்லி அனுப்பினேன். காத்திருக்க முடியாது என்றார்கள். அது அவர்கள் நியாயம். எனக்குக் கொஞ்சம் வலித்தது; பொய் சொல்ல மாட்டேன். மறுநாள் கொப்பரை கழுவ வேண்டியிருந்தது. கழுவினேன்.

அல்தாப் பாய் திரும்பிப் போகுமுன் உங்களுக்கான ஊறுகாயை வாங்கிப் போக வந்தார். அண்ணன் கைச் சுளுக்கு சரியாகிவிட்டதா என்று கேட்டேன். "எம் பேரச் சொல்லிடாதம்மா, சத்தியம் வாங்கிட்டுத்தான் அனுப்புனான்" என்று ஆரம்பித்தார். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னார். வெளுக்கிற மருந்தில் உங்கள் இரண்டு உள்ளங்கையும் வெடித்துப் புண்ணாகியிருப்பது; டாக்டர் இந்த வேலையை விடச் சொன்னது; நீங்கள் கையுறைக்குள் துணி சுற்றிக்கொண்டு மெஷின் முன்னால் நிற்பது; சோற்றை ஸ்பூனில் சாப்பிடுவது. அவர் பேரைச் சொல்லிவிட்டேன். அவரிடம் கோபிக்காதீர்கள்.

அம்மாவுக்குச் சொல்லவில்லை. ஆனால் உங்களிடம் ஒன்று சொல்லாமல் இருக்க முடியாது. காட்டை விற்றால் எனக்குக் கல்யாணம் ஆகும். உங்களுக்கு? திரும்பி வந்து கால் ஊன்ற ஒரு துண்டு இடம் இருக்காது. பிறகு மஸ்கட்தான், அந்த மருந்துதான், கை இருக்கும்வரை. என்னைக் கேட்காமல் என்னைக் கரையேற்ற நீங்கள் முடிவு செய்தீர்கள். உங்களைக் கேட்காமல் நானும் ஒன்று முடிவு செய்திருக்கிறேன்.

உங்கள் தூளை நான் தூக்கி எறியவில்லை. கழுவுகிற தொட்டியில் மட்டும் போடுகிறேன். கழுவ ஒரு தண்ணீர், சாயத்துக்கு ஒரு தண்ணீர். சாயம் எனக்குக் கைவந்துவிட்டது. கழுவுவது இன்னும் வரவில்லை. போன மூட்டையில் பாதி அடையாக இறுகிவிட்டது. எவ்வளவு ஊற வேண்டும், எப்போது தண்ணீர் மாற்ற வேண்டும் என்று கடிதத்தில் கேட்டுக் கேட்டுச் செய்ய முடிகிற வேலை இல்லை அது. மருந்து எதுவும் இல்லை. மிதமான தண்ணீரும் பொறுமையும்தான். கை ஆறும்வரை நீங்கள் பக்கத்தில் நின்று சொன்னால் போதும், நான் அமுக்கி எடுக்கிறேன்.

மஸ்கட் சம்பளத்துக்கு இது ஈடாகாது. ஆகும் என்று நான் சொல்லவில்லை. மூன்று பேர் சாப்பிடலாம். பருப்பு மட்டும் தாமதமாகும்.

முதல் கடிதத்திலிருந்தே கேட்க நினைத்ததை இப்போது கேட்டுவிடுகிறேன். செப்டம்பரில் வரும்போது, திரும்பிப் போகிற டிக்கெட் எடுக்காமல் வாங்க, அண்ணே.

உங்கள்
ஆனி ரோஸ்