இறால் படகு குற்றவாளிக் கூண்டில்

மார்ச் 7, 2003

காலையில் அரசாங்கத்தின் கறுப்புக் கார் வந்து, எல்மீரின் வாசலில் ஓர் அட்டைப்பெட்டியைப் பிரசவித்துவிட்டுப் போனது. உள்ளே அவள் புருஷன், என் அக்கா மகன் ஒக்தாவின் வெள்ளை ரப்பர் பூட்ஸ், தொப்பி, காபிக் குடுவை. மூன்றிலும் சாட்சிப்பொருள் என்று அட்டை தொங்குகிறது. பூட்ஸில் ஒட்டியிருந்த சேறுகூட உதிராமல் வந்திருக்கிறது. சேற்றைத் திருப்பிக் கொடுத்த வல்லரசு, படகைக் கொடுக்கவில்லை. அது எல்மீருக்கு அவள் அப்பன் கொடுத்த படகு. அவள் பேரில்தான் இருக்கிறது.

இறால் படகில் கஞ்சா மூட்டை கடத்தினான் என்று ஒக்தாவுக்குத் தண்டனை கொடுத்தார்கள். மேல்முறையீடு முடியுமுன், ஜனவரியில், சிறையிலேயே நெஞ்சு நின்றுவிட்டது. வக்கீல் வில்ட்ஸ் சொல்கிறார்: அப்படிச் செத்தால் தீர்ப்பே அழிந்துபோகும். சட்டத்தின் கண்ணில் அவன் நேற்றுப் பிறந்த குழந்தை. இந்தச் செய்தியை எங்கள் சதுப்பு ஓடை, இந்த பையூ முழுக்கப் பரப்பினேன். முதலைகளுக்கும் தெரியும்.

மார்ச் 8

பெட்டியை என் வீட்டிலேயே வைத்திருக்கச் சொல்லிவிட்டாள் எல்மீர். பூட்ஸைப் போட்டுப் பார்த்தேன். ஒரு விரல் பெரிசு.

மார்ச் 26

சிரித்துச் சிரித்து என் பல்செட் காபியில் விழுந்தது. ஆள் செத்துவிட்டதால் படகின் மேலேயே வழக்குப் போட்டிருக்கிறார்கள்! அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் ஓர் இறால் படகு. அணுகுண்டு வைத்திருக்கிற தேசம், கைகால் இல்லாத மரத்தை எதிர்த்து மார்தட்டுகிறது. நாளைக்கு என் சமையல் சட்டிக்கும் சம்மன் வரலாம். அது பார்த்த குற்றங்கள் கொஞ்சமா?

எல்மீர் சிரிக்கவில்லை. "ஆகஸ்ட்ல சீசன் ஆரம்பிக்குது மாமா" என்றாள்.

ஆகஸ்ட் 10

படகுகளை ஆசீர்வதிக்கும் ஞாயிறு. எல்லாப் படகிலும் கொடி. பாதிரியார் வரிசையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தவர், பழக்கதோஷத்தில் எல்மீரின் காலி இடத்திலும் தெளித்துவிட்டார். வெறும் தண்ணீரில் தண்ணீர். யாரும் சிரிக்கவில்லை. நானும்.

இந்த சீசன் அவள் அடுத்தவன் படகில் கூலிக்கு இறால் தலை கிள்ளப் போகிறாள். சொந்தப் படகை ஓட்டியவள்.

செப்டம்பர் 2

வில்ட்ஸ் அழைத்திருந்தார். படகு திரும்பி வர ஒரே வழியாம்: படகு என்னுடையது, அவர் கடத்தியது எனக்குத் தெரியாது என்று எல்மீர் சத்தியம் செய்ய வேண்டும்.

"அப்ப அவன் கடத்தினான்னு இவளே சொன்னதா ஆகுமே" என்றேன்.

"ஆகும்."

"அதான் தீர்ப்பே அழிஞ்சுபோச்சுன்னு சொன்னீங்களே."

"தீர்ப்புதான் செத்துது பெரியவரே. மூட்டைங்க சாகல. சாட்சிக் கிடங்குல குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கு."

என்ன ஒரு மூளை! இந்த மூளைக்கு மணிக்கணக்கில் கட்டணம் வேறு. மரணமே கழுவிவிட்ட பிள்ளையை, கட்டினவள் வாயாலேயே மறுபடி சேற்றில் தள்ளச் சொல்கிறார். வீட்டுக்கு வந்து எல்மீரிடம் ஒரு பிரசங்கம் செய்தேன். நெப்போலியன் கேட்டிருந்தால் அழுதிருப்பான். அவள் கம்போக் குழம்புக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணீர் வெங்காயத்தாலா? தெரியவில்லை.

செப்டம்பர் 30

நீதிமன்றம். அரசாங்க வக்கீலின் டை என் வீட்டு ஜன்னல் திரையைவிட அகலம். படகைப் பற்றி அவர் பேசியதைக் கேட்டால், அது தானாகவே மெக்சிகோ போய் மூட்டை தூக்கி வந்தது என்றே தோன்றும். எல்மீர் சாட்சிக் கூண்டில் ஏறினாள்.

"செஞ்சாரு. எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே காலை ஒடிச்சிருப்பேன்."

நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

திரும்பும் வழியில், பாலம் தாண்டியதும் அவளே சொன்னாள்: "உங்களுக்கு அவர் பேரு வேணும் மாமா. அந்தப் பேரைத் தண்ணில வீசினா எனக்கு இறால் வருமா?"

"வராது. அதுக்காக? அவன் நிரபராதின்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேனே, நான் எந்த மூஞ்சியோட போறது?" என்றேன்.

அக்டோபர் 17

படகு அவளுக்கே என்று தீர்ப்பு. நான் அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை.

அக்டோபர் 24

போகாமலே தொலைநோக்கியில் பார்த்தேன். சாட்சிப்பொருளைப் பத்திரமாக வைக்கிறோம் என்று மரப்படகை வருஷக்கணக்கில் வெயிலில், காய்ந்த தரையில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்! பலகையெல்லாம் சுருங்கி, இடுக்கில் ஒரு கழுதை நுழையலாம். மீனைக் காப்பாற்ற மரத்தில் ஏற்றி வைக்கிற புத்திசாலிகள். தண்ணீரில் இறக்கியதும் அது சல்லடை மாதிரி குடித்தது. எல்மீர் தனியாக வாளியில் இறைத்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 1

எல்லாப் புனிதர் நாள். கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் நாள். அவள் வரமாட்டாள், வர முகம் இருக்காது என்று வாளியோடு போனேன். ஒக்தாவின் கல்லறையில் பாதி ஏற்கெனவே வெள்ளை. மறுபாதிக்கு முன்னால் அவள் மண்டியிட்டிருந்தாள். கல்லில் பாசி ஒரு பொட்டு இல்லை, தேய்த்துக் கழுவியிருக்கிறாள்.

என் மூஞ்சியில் என்ன தெரிந்ததோ.

"செஞ்சாரு மாமா. அதுக்காகச் சுண்ணாம்பு அடிக்காம விட்டுடுவேனா?"

மறுபாதியை நான் அடித்தேன். அவள் பூ வைத்தாள். கிளம்பும்போது, "அடிப்பலகையில இன்னும் தண்ணி வருது" என்று மட்டும் சொன்னாள், என்னைப் பார்க்காமல்.

அவள் வைத்திருக்கச் சொன்ன அந்த அட்டைப்பெட்டி இத்தனை நாளும் என் வீட்டில்தான் கிடந்தது. பூட்ஸில் தொங்கிய அரசாங்க அட்டையைக் கத்தியால் அறுத்தெறிந்தேன். இரண்டு கம்பளிக் காலுறை போட்டால் சரியாகத்தான் இருக்கிறது. பலகை இடுக்கை அடைக்கப் பஞ்சும் தாரும் எடுத்துக்கொண்டு படகுத்துறைக்குக் கிளம்புகிறேன்.