ஏழாவது முதுகு

நாள் 212, 08:10
நிலவுத் தள மருத்துவக் கூடம். பதிவு: டாக்டர் தமயந்தி, முதுகெலும்பு அறுவை நிபுணர்.

துளைப்பு எந்திரம் ஓட்டும் எபனேசருக்கு மறுபரிசோதனை. பத்து வாரங்களுக்கு முன் அவருடைய இடுப்புப் பகுதி முதுகெலும்புகளில் நான்கு திருகாணிகளும் இரண்டு கம்பிகளும் வைத்தேன். எக்ஸ்ரேயில் இரண்டு திருகாணிகளைச் சுற்றிக் கறுப்பு வளையம், பிடி தளர்ந்துவிட்டது. இங்கே நான் அறுவை செய்த ஆறு பேரில் இப்படி ஆனது இவரோடு நான்கு. நிலவில் எடை குறைவதால் எலும்பு தேய்ந்து ஊறிய ரஸ்க் மாதிரி ஆகிவிடுகிறது. துளையில் எலும்புச் சிமென்ட் விட்டுத் திருகினால் ஆடாது. அது கப்பலில் வரவில்லை. வலிக்கு மாத்திரையும் இடுப்புப் பெல்ட்டும் கொடுத்தேன்.

நாள் 213, 11:40
மேலே சுற்றுப்பாதை நிலையத்தில் இருக்கும் டாக்டர் ரங்கமன்னாரிடம் சொன்னேன். மதுரையில் என்னோடு படித்தவன். பதினான்கு ஆண்டுகள் ஒரே மேசையில் எதிரெதிரே நின்று அறுவை செய்திருக்கிறோம். இங்கே வரும் மருத்துவப் பொருட்கள் எல்லாம் அவன் கையெழுத்தில்தான் இறங்கும். பதில் வந்தது:

"இதுக்குப் போய் ஏன் தமா இவ்வளவு அலட்டிக்கிறே? சிமென்ட் அடுத்த கப்பல்ல வரும். நான் இருக்கேன்ல."

நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நாள் 219, 09:05
சரக்கு வண்டி என்மேல் மோதிவிட்டது. நிலவில் எடைதான் குறையும், மோதுகிற விசை குறையாது. இடுப்புப் பகுதி முதுகெலும்புகளில் மூன்றாவது நொறுங்கி, சில்லு நரம்பை அழுத்துகிறது. வலது பாதத்தைத் தூக்க முடியவில்லை. இன்றைக்குள் அதை எடுக்காவிட்டால் இனி நடக்க மாட்டேன். இங்கே வேறு டாக்டர் இல்லை. அறுவை மேசையின் எந்திரக் கையை மன்னார் மேலிருந்து இயக்குவான்.

10:30
திருகாணித் தட்டு எடுக்க எபனேசரைக் கிடங்குக்கு அனுப்பினேன். மன்னாரின் முத்திரை வைத்த ஒரு பெட்டியையும் சேர்த்துக் கொண்டுவந்தார். உடைக்கச் சொன்னேன். நாற்பது பொட்டலம் எலும்புச் சிமென்ட். கூடவே ஓர் ஆய்வுத் தாள். தலைப்பு: 'சிமென்ட் இல்லாத பிரிவு'. என் ஆறு நோயாளிகளின் பெயர்கள். கீழே மன்னாரின் கையெழுத்து.

பெட்டியில் உள்ள தேதிப்படி முதல் கப்பலிலேயே வந்திருக்கிறது. என் தலையில் நன்றாக மிளகாய் அரைத்திருக்கிறான். என் கையாலேயே ஆறு பேரைக் கெடுத்திருக்கிறான். எபனேசர் தன் பெயரை இரண்டு முறை படித்தார். தாளை மடித்து என் கையில் கொடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

11:15
மன்னாரிடமே கேட்டேன்.

"ஆய்வு வாரியம் சிமென்ட் வச்சவங்களையும் வைக்காதவங்களையும் ஒப்பிட்டுப் பாக்கணும்னுச்சு. சொன்னா நீ ஒத்துக்க மாட்டே. தப்புதான் தமா. உனக்குச் சிமென்ட் வச்சே போடுறேன். என் பிள்ளை மேல சத்தியம்."

அவனை விட்டால் வேறு கை இல்லை. நம்பவும் செய்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

12:50, குரல் பதிவு
குப்புறப் படுத்திருக்கிறேன். ஊசி போட்டதில் நடுமுதுகுக்குக் கீழே மரத்துவிட்டது, விழித்திருக்கிறேன். எதிரே திரையில் என் முதுகு தெரிகிறது. கத்தி வைக்கும் முன் பெயர், இடம், செய்யப்போவது மூன்றையும் உரக்கச் சொல்வது எங்கள் வழக்கம். சொன்னான்:

"தமயந்தி. இடுப்பு மூணாவது எலும்பு. சில்லை எடுத்துட்டு மேல ரெண்டு, கீழ ரெண்டு திருகாணி. ரெண்டு கம்பி."

சிமென்ட்டைச் சொல்லவில்லை. பதற்றத்தில் விட்டிருப்பான் என்று நினைத்தேன்.

14:20
சில்லு வெளியே வந்துவிட்டது. முதல் திருகாணி இறங்குகிறது. சிமென்ட் அதற்கு முன்பே துளைக்குள் போயிருக்க வேண்டும். பொட்டலம் தட்டிலேயே கிடக்கிறது. நிறுத்துடா என்கிறேன். இரண்டாவது. எபனேசர் பொட்டலத்தைக் கேமராவுக்கு நேரே பிடிக்கிறார். எந்திரக் கை அவரைச் சுற்றிக்கொண்டு வருகிறது. மின்சாரத்தை நிறுத்தப் போனார். நிறுத்தினால் திறந்த முதுகோடு கிடப்பேன். வேண்டாம் என்றேன். மூன்று.

14:31
"மன்னிச்சுக்கோ தமா. அந்த ஆறு பேரும் ஆம்பளைங்க. பொம்பளை ஒருத்தராவது இல்லாம வாரியத்துல அறிக்கையை வாங்க மாட்டேங்கறாங்க."

நான்கு. கம்பியும் பூட்டியாயிற்று. தைக்கத் தொடங்கிவிட்டான்.