தேதி தாண்டிய சீட்டு

சனிக்கிழமை, ஐப்பசி 9

இன்று மதியம் கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெண் என் மருந்துக் கடைக்கு வந்தார். கடுக்காய் மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்த கணவருக்கு, தசை இறுக்கத்தைத் தளர்த்தும் பேக்லோஃபென் மாத்திரை கேட்டார். சீட்டு பழையது. புதுச் சீட்டு இல்லாமல் தர இயலாது என்றேன்.

"டாக்டரு திங்கக்கிழமதான் வருவாருங்க. மாத்திர நேத்தே ஆயிப்போச்சு. காலு ரெண்டும் வெறச்சிக்கினு கீது சார்."

"சட்டம் அப்படிம்மா."

"அவுரு நோவு இன்னா, தேதி பாத்துக்கினா வருது?" என்றவர், மலைப் பேருந்தைப் பிடிக்க ஓடினார்.

இம்மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் வலிப்பும் வரலாம், உயிரே போகலாம். வாங்குவோர் எல்லோரிடமும் இதை ஒப்பிக்கும் நான் அவரிடம் சொல்லவில்லை. அரசு மருத்துவமனைக்கு உடனே அழைத்துப் போங்கள் என்று சொல்வதை எந்த விதியும் தடுக்கவில்லை.

பதிவேட்டில் தேடிப் பயனில்லை. வாங்கியவர்களின் பெயரும் ஊரும்தான் அதில் இருக்கும்; அவர் என்னிடம் எதையும் வாங்கியதில்லை. சீட்டிலும் தேதியைத் தவிர வேறெதையும் நான் படிக்கவில்லை.

மாத்திரை அட்டையைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். நாளைக் காலை மலைக்குப் போகும் முதல் பேருந்தில் ஏறி, கடுக்காய் மரத்திலிருந்து விழுந்தவர் வீடு எது என்று ஊர் ஊராகக் கேட்க வேண்டும்.