ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு, பிழை பூஜ்யம்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் வேர்ட் கோப்பு ஒழுங்காக ஏறவில்லை. நானூற்றுப் பத்துப் பக்கம். ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்ற எங்கள் கம்பெனி செய்யும் புது மாடல் பம்ப் என்னென்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்ற நிபந்தனைகள் எல்லாம் அதில்தான். ஒவ்வொரு நிபந்தனையும் புது மென்பொருளுக்குள் தனி எண்ணோடு தனி வரியாக உட்கார வேண்டும். ஏற்றினேன். நானூற்றுப் பத்துப் பக்கமும் ஒரே நிபந்தனையாக வந்து உட்கார்ந்தது. எண் 1.

எல்லாம் அலங்காரத்தின் கைங்கரியம். கோப்பை எழுதியவருக்கு ஆபீஸ் வைத்த பெயர் அது. ஆள் இப்போது மேல்மாடியில் வேறு பிரிவில் நிம்மதியாக இருக்கிறார். இது தலைப்பு என்று வேர்டிடம் சொல்லாமல், எழுத்தைப் பெரிதாக்கி, தடிப்பாக்கி, நீலம் அடித்து வைத்திருக்கிறார். மென்பொருளுக்கு அது வெறும் நீல எழுத்து. எண்களைக்கூடக் கையாலேயே அடித்திருக்கிறார். 3.4க்கு அடுத்து 3.6. நடுவில் இருந்தது எங்கே போனதோ, அவருக்கே வெளிச்சம்.

மார்ச் 4, புதன்

மேனேஜர் கூப்பிட்டார். "பதினாறாம் தேதிக்குள்ள முடிச்சுடுங்க. மறுநாள் பம்புக்கு அனுமதி தர ஆய்வாளர் வர்றார். உங்களை நிரந்தரம் பண்ற பேப்பர் என் டேபிள்லதான் இருக்கு."

இரண்டு வருடமாக அந்தப் பேப்பர் அவர் டேபிளில்தான் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை என் காண்ட்ராக்டை நீட்டும் தாள்தான் வருகிறது. இந்த முறை தருவார் என்றுதான் தோன்றுகிறது. முடித்துக் கொடுத்தால்.

மார்ச் 6, வெள்ளி

இருநூற்றுப் பன்னிரண்டு தலைப்பு. ஒவ்வொன்றாகக் கிளிக். விரல் வீங்கிவிட்டது.

மார்ச் 9, திங்கள்

மேல்மாடிக்கே போய்க் கேட்டுவிட்டேன். "நம்பரை ஏன் சார் கையால அடிச்சீங்க?"

"தானா வர்ற நம்பரை நம்ப முடியாதும்மா. நடுவுல ஒண்ணு சேர்த்தா எல்லாம் மாறிடும்." அப்புறம் அவரே, "ஆனா பார்க்க அழகா இருக்கு இல்ல?"

சிரித்து வைத்தேன். கீழே வந்து அவர் அடித்த எண்களை ஒவ்வொன்றாக அழித்தேன்.

மார்ச் 11, புதன்

ஏறிவிட்டது. 1,412 நிபந்தனைகள். கீழே பச்சை எழுத்தில் — பிழைகள்: 0.

திரையைப் போட்டோ எடுத்து, "முழுமையாக முடிந்தது" என்று மேனேஜருக்கு மெயில் அனுப்பினேன். இனி யாரும் வேர்ட் கோப்பைத் தொடக்கூடாது, புதுப் பட்டியல்தான் எல்லாவற்றுக்கும் என்று அவர் எல்லோருக்கும் அறிவித்துவிட்டார்.

வீட்டில் சொன்னேன். "அப்போ இனிமே சாப்பிடும்போது அலங்காரத்தைத் திட்ட மாட்டியா?" என்றார் என் கணவர். முகத்தில் லேசான ஏமாற்றம்.

மார்ச் 13, வெள்ளி

பம்பைச் சோதிக்கும் டெஸ்டர் பெண் வந்து நின்றாள். "அக்கா, குழாய்ல காத்துக் குமிழி வந்தா பம்ப் நிக்கணும்னு உங்க லிஸ்ட்ல எங்கயும் இல்லையே. அதை டெஸ்ட் பண்ண வேண்டாமா?"

"சரியாத் தேடிப் பாரு, இருக்கும்" என்று எரிந்து விழுந்தேன். நானும் தேடினேன். இல்லை. வேர்டைத் திறந்தால் எண்பத்தேழாம் பக்கத்தில் இருக்கிறது — சிவப்புக் கரை போட்ட பெட்டிக்குள், மஞ்சள் பின்னணியில், மூன்று ஆச்சரியக்குறியோடு. வேர்டில் பெட்டி வரைந்து உள்ளே எழுதினால் இந்த மென்பொருள் அதைப் படிப்பதில்லை. படிக்கவில்லை என்று சொல்வதும் இல்லை. மனுஷன் உயிர் போகிற விஷயங்களை மட்டும் பொறுக்கியெடுத்துப் பெட்டிக்குள் போட்டிருக்கிறார். எண்ணினேன். இருபத்தேழு பெட்டி.

நான் ஏன் புதன்கிழமையே பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பார்க்கவில்லை? பூஜ்யம்னு போட்டா நம்பிடறதா? எனக்கெல்லாம் எதுக்கு இந்த வேலை?

இருபத்தேழையும் சேர்ப்பது அரை நாள் வேலை. டெஸ்ட் பண்ணத்தான் நாள் இல்லை. 'பழைய மாடலில் சரிபார்க்கப்பட்டது' என்று ஒரு வரி போட்டால் யாருக்கும் தெரியாது. புது மாடலில் குமிழியைக் கண்டுபிடிக்கும் சென்சார் வேறு. அது எனக்குத் தெரியும்.

மார்ச் 14, சனி

"சொன்னா வேலை போயிடுமா?" என்றார் என் கணவர்.

"போகாது. நிரந்தரம் ஆகாது."

"சொல்லலன்னா?"

பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

மார்ச் 16, திங்கள்

சொல்லிவிட்டேன். மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். "பழைய மாடல்ல பாஸ் ஆனதுதானே? ஒரு குறிப்பு போட்டுடலாமே."

"சென்சார் வேற சார். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

ஆய்வாளர் வருகையைத் தள்ளிவைக்கச் சொல்லி மெயில் போனது. அதில் என் பெயர் மூன்று இடத்தில் இருக்கிறது. அலங்காரத்தின் பெயர் மருந்துக்கும் இல்லை.

மார்ச் 18, புதன்

அலங்காரமே மேல்மாடியிலிருந்து இறங்கி வந்தார். "கண்ணுல படணும்னுதான்மா பெட்டி போட்டேன்" என்றார். முகம் செத்திருந்தது. திட்ட மனசு வரவில்லை. அவர் படிக்கப் படிக்க நான் அடித்தேன். பதினாறாவது பெட்டியில், "இதுக்குப் பச்சைக் கரை போட்டிருக்கலாம்" என்றார். தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

மார்ச் 27, வெள்ளி

காலையில் காண்ட்ராக்டை இன்னொரு ஆறு மாதம் நீட்டிய தாள் வந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அழுகை வந்தது, பாத்ரூமில் முகம் கழுவிக்கொண்டேன்.

மதியம் குமிழி டெஸ்ட். குழாய் முனையில் நோயாளிக்குப் பதில் ஒரு கண்ணாடி டம்ளர். டெஸ்டர் பெண் ஊசியால் குழாய்க்குள் கொஞ்சம் காற்றை ஏற்றினாள். குமிழி மெதுவாக நகர்ந்து சென்சாரைத் தாண்டியது. பம்ப் நிற்கவில்லை. அலாரமும் அடிக்கவில்லை. குமிழி கடைசிவரை இறங்கி, டம்ளர் தண்ணீரில் வந்து உடைந்தது. மறுபடி செய்தாள். மறுபடியும் நிற்கவில்லை.

"இன்னொரு தடவை பண்ணவா?"

"வேண்டாம்மா" என்று மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பட்டியலில் அடுத்த வரியைப் படித்தேன். இன்னும் இருபத்தாறு இருக்கிறது.