அக்காவின் மருந்துக் குழி

அக்காவின் மருந்தைக் கெடுத்தது நீங்கள்தான், அத்தான்.

இன்று காலை வவுனியா முகாமில், எங்கள் கூடாரத்துக்குள் ஒரு குழி தோண்டினேன். ஈர மண் மணந்ததும் உங்கள் முகம் வந்தது. அன்போடு வரவில்லை. பங்குனியில் ஷெல் விழுந்து நீங்கள் போன பிறகு, செத்தவரைத் திட்டக் கூடாது என்று எல்லோரும் என் வாயை அடைக்கிறார்கள்.

குழி நல்ல யோசனைதான். எங்கள் ஊர் முள்ளியவளையில் மின்சாரமும் இல்லை, ஐஸும் வருவதில்லை. அக்காவின் இன்சுலினை எங்கே வைப்பது? நீங்கள் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். "ஆறடிக்குக் கீழ மண்ணுக்கு வெயிலும் தெரியாது, பனியும் தெரியாது" என்று சொல்லி, மாமரத்தடியில் தோண்டி, மணல் நிரப்பிய மண்முட்டிக்குள் மருந்தை வைத்து இறக்கினீர்கள். சித்திரை வெயிலிலும் மருந்து கெடவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கும் முன்னே குழியைக் காட்டினீர்கள். மருந்துப் போத்தலை எடுத்து, முற்றத்து வெயிலில் ஆளுக்காள் தொட்டுப் பார்க்க வைத்தீர்கள்.

"என்ன மாஸ்டர், நிலத்துக்குள்ள பிரிட்ஜோ?"

"கரண்ட் பில் வராத பிரிட்ஜ்."

சிரித்துக் கதைத்து முடியும்வரை போத்தல் யாரோ ஒருவரின் கையில் இருக்கும். அக்கா குசினி வாசலில் நின்று, "அதை உள்ள வையுங்கோவன்" என்பார்.

"சும்மா இரும். படிச்ச ஆக்கள் வந்திருக்கினம்."

அதற்கு மேல் பேசினால் வாய்க்காரி என்பார்கள். அக்கா உள்ளே போய்விடுவார்.

தெளிவாக இருக்க வேண்டிய மருந்தில் துகள் மிதந்தபோது நான் சொன்னேன். "மருந்து பிழை, குழி பிழையில்லை" என்றீர்கள். வேறு மருந்து இல்லை. அக்கா அதையே ஏற்றினார். ஒருநாள் மயங்கி விழுந்தார். உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். உயிர் தப்பியது. ஆனால் சர்க்கரை ஏறியதில் காலில் இருந்த சின்னப் புண் ஆறவில்லை. இரண்டு விரல்களை எடுத்தார்கள். அன்றும் ஆஸ்பத்திரி வாசலில் நின்று டொக்டருக்குக் குழியைப் பற்றித்தான் விளக்கிக்கொண்டிருந்தீர்கள்.

இங்கே ஆழமாகத் தோண்ட விடமாட்டார்கள். மூன்றடிதான். அதற்கே மண்முட்டி குளிர்ந்து கிடக்கிறது. நீங்கள் காட்டித் தந்த வேலை, மறுக்கவில்லை. பக்கத்துக் கூடாரத்து அம்மா தன் மகளின் மருந்தையும் வைக்கலாமோ என்று கேட்டார்.

"வையுங்கோ. ஆனா ஊசி போடுற நேரம் மட்டும்தான் திறப்பன். ஒருத்தருக்கும் காட்டமாட்டன்" என்றேன்.

அக்கா காலை நீட்டிக்கொண்டு பார்த்திருந்தார். "அவர் வேணுமெண்டு செய்யேல்லையடா" என்றார். இன்னும் உங்களுக்காகத்தான் கதைக்கிறார்.

அந்தக் காலைப் பார்த்து, பிழை என்னுடையது என்று ஒருமுறை சொல்லுங்கோ, அத்தான். அக்கா இங்கேதான் இருக்கிறார். சொல்லுங்கோ.