அப்பா பெயரில் வேறொருவர் ரத்தம்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் நல்லபடி இருப்பீர்கள் என்று நம்புகிறேன், அவளுக்கு வாந்தி நின்றதா, வேளைக்குச் சாப்பிடுகிறாளா. இங்கே நாங்களும் சுகம் என்றுதான் எப்போதும் எழுதுவேன், இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை.

அப்பாவுக்குச் சர்க்கரை எக்கச்சக்கம், சிறுநீரகமும் கெட ஆரம்பித்திருக்கிறது என்று ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுப் போனில் அழுதாயே, அது அப்பாவுடைய ரத்தமே இல்லை. நீ அப்பாவுக்குப் பாலிசி கேட்டதற்காக இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ரத்தம் எடுக்க ஆள் வந்த அன்று நான் தையல் கடையில் இருந்தேன். அப்பா தன் நாற்காலியில் தன் கூட்டாளி பெயின்டர் நெட்டை மாமாவை உட்கார வைத்துவிட்டார். அடையாள அட்டையில் இருப்பது எந்தக் காலத்துப் படமோ, வந்தவர் உற்றுப் பார்க்கவுமில்லை. தலைவலின்னு ஒருநாள் படுக்காத ஆளு, அவன் ரத்தத்தைப் பார்த்தா மறுபேச்சு பேச மாட்டாங்க என்பது இவருடைய நினைப்பு. நான் வீடு திரும்பியபோது நெட்டை மாமா கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார், கேட்டதற்கு இரண்டு பேரும் மழுப்பிவிட்டார்கள்.

நீ போன் செய்த அன்று அப்பா முகத்தில் ஈயாடவில்லை. எல்லாவற்றையும் என்னிடம் கொட்டிவிட்டு நேரே நெட்டை மாமா வீட்டுக்கு ஓடினார். மெஷின் கோளாறா இருக்கும், விடுப்பா என்றாராம் அவர். இழுத்துக்கொண்டுபோய் மறுபடி பரிசோதித்தால் அதேதான். காலில் ஆறாத புண்ணை சாக்ஸ் போட்டு மறைத்து வைத்திருந்திருக்கிறார், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பாதத்தையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். இப்போது ஊசி போட்டுக்கொள்கிறார். பாத்தியா, நான் பண்ணினதும் நல்லதுக்குத்தான் என்றார் அப்பா, பேசாம இருங்க, வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்க என்றேன்.

அப்பாவுக்கு இருப்பது நெஞ்சுவலி. ரத்தம் எடுக்க வருவதற்கு முன்பே ஒருநாள் லிப்ட் பழுதுபார்க்கப் போன இடத்தில் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம், ரத்தக்குழாயில் அடைப்பு என்று நாக்குக்கு அடியில் வைக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், அதையும் என்னிடம் சொல்லவில்லை. ரத்தத்தில் அது தெரிந்தால் பிரீமியம் ஏறும், பிள்ளை பிறக்கப்போகிற நேரத்தில் உன் தலையில் இன்னும் பாரமா என்று மறைத்தாராம்.

அதனால் சர்க்கரைக்காரர்களுக்கென்று நீ ஏற்பாடு செய்த அந்த பாலிசியை உடனே நிறுத்து. நாளைக்கு இவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினால், சொன்னது ஒன்று இருப்பது ஒன்று என்று கையை விரித்துவிடுவார்கள். நடந்ததை மறைக்காமல் சொல்லி, இதய நோயாளிகளுக்கு என்ன இருக்கிறது என்று விசாரி. முடியாது என்றும் சொல்லலாம், இத்தனை வருஷம் காத்திருந்தால்தான் செல்லும் என்றும் சொல்லலாம், அதுவரை அரசாங்க ஆஸ்பத்திரி வரிசையில் நின்றுகொள்கிறோம். நெட்டை மாமா வேலைக்குப் போனால்தான் சோறு என்கிற ஆள், வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கமே கொடுக்கிற காப்பீடு இருக்கிறதாம், தையல் கடை முதலாளியம்மா சொன்னார், திங்கட்கிழமை அப்பாதான் அவரை அழைத்துப் போகிறார்.

இந்தக் கடிதம் எழுதுவது அப்பாவுக்குத் தெரியும். எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். முதலில் எழுதவே வேண்டாம் என்றார், இப்போது அந்த நெஞ்சுவலியை மட்டும் கொஞ்சம் லேசா எழுது என்கிறார். நான் லேசாக எழுதவில்லை.

நீங்கள் இரண்டு பேரும், வரப்போகிற குழந்தையும், நோய் நொடியில்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். முதலில் கம்பெனிக்குப் பேசு, அப்புறம் அப்பாவிடம் பேசு, கத்தாதே.

இப்படிக்கு,
உன் அம்மா